அம்பாசிடரா, ஃபியட்டா, ஹெரால்டா? டெல்டாவில் பழைய கார் தேடுபவருக்கு

மன்னார்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டுக் கொட்டகையில் என் முதல் ஃபியட்டைப் பார்த்தபோது சாயங்கால வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. புதுப் பெயிண்ட், பளபளக்கும் பம்பர், சாவியைத் திருகியதும் ஸ்டார்ட் ஆன என்ஜின். அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். மறு வாரம் கும்பகோணத்தில் ஒரு டிங்கர் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து மெல்ல அழுத்தினார். அது அப்படியே உள்ளே இறங்கியது. குனிந்து பார்த்தால் அந்த ஓட்டை வழியாகத் தெருமண் தெரிந்தது.

"தம்பி, என்ஜினைப் பார்த்து வாங்கியிருக்கீங்க. நம்ம பக்கம் தகரத்தைப் பார்த்துத்தான் வாங்கணும்" என்றார்.

அந்தக் காரின் தளத்தை மாற்றி முடிக்க 4 மாதம் ஆனது. அதற்குப் பிறகு நண்பர்களுக்காகவும் எனக்காகவும் பார்த்த ஒவ்வொரு வண்டியையும் அந்த ஸ்க்ரூடிரைவரை மனதில் வைத்துத்தான் பார்க்கிறேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் வேகம், மைலேஜ், சொகுசு எல்லாம் பின்னால்தான் வரும். காவிரி டெல்டாவில் ஒரு பழைய கார் எத்தனை மழைக்காலம் தாங்கும், துரு பிடித்தால் நம்ம ஊர்க் கைகளால் அதைச் சரிசெய்ய முடியுமா என்பதே என் கேள்வி.

நம் கொட்டகைகளைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கார் ஓடாமல் போனதும் அந்த இடம் சும்மா கிடப்பதில்லை. நெல் மூட்டை வரும், அப்புறம் உரமூட்டை வரும். பொட்டாஷ் உரம் என்பது குளோரைடு உப்பு. மூட்டையிலிருந்து சிந்தி, ஐப்பசி ஈரத்தில் கசிந்து, கார் நிற்கும் தரையெங்கும் பரவும். மழையே படாமல் உள்ளே நின்ற கார் கடலோரத்தில் நின்றதைப்போலத் துருப்பிடித்திருப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். நெல்லுக்கு வரும் எலி வயரிங்கைக் கடித்துவிட்டுப் போகும். "வீட்டுக்குள்ளேயே நின்ன வண்டி சார்" என்று யாராவது சொன்னால், பக்கத்தில் என்ன அடுக்கி வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்து வண்டியென்றால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த அன்று வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். நாகப்பட்டினம் கடற்கரை ஒட்டிய வண்டியென்றால் 2004 சுனாமியையும் கேட்க வேண்டும். உப்புத்தண்ணீர் ஒருமுறை காரின் அடியில் ஓடும் உள்ளீடற்ற பெட்டிச் சட்டங்களுக்குள் போய்விட்டால் அது உள்ளேயிருந்து தின்றுகொண்டே இருக்கும்.

சரி, வண்டிகளுக்கு வருவோம்.

அம்பாசிடரின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த கார். 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை வந்துகொண்டிருந்தது. இந்த நீண்ட ஆயுள்தான் இன்று வாங்குபவருக்குப் பெரிய பலம். கடைசி வண்டி இறங்கிப் பத்து வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது என்பதால் சாமான் இன்னும் கிடைக்கிறது. கிளட்ச் பிளேட், பிரேக் சிலிண்டர், கண்ணாடி ரப்பர் எதுவானாலும் சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய்வந்தால் பெரும்பாலும் கையோடு வரும். ஐம்பது வயது தாண்டிய எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்.

தகரம் கனமானது. அதனால் துரு பிடித்தாலும் வெட்டி ஒட்டுவதற்கு நல்ல தகரம் மிச்சமிருக்கும். ஆனால் இதற்கு உடலைத் தாங்கும் தனிச் சட்டமான சேஸ் கிடையாது, உடலே சேஸ். கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிச் சட்டம் போய்விட்டால் வண்டியின் முதுகே போன மாதிரி. பின்பக்கம் பட்டைக்கட்டு (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடத்தையும், முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் பிடித்திருக்கும் இடத்தையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். தகரத்தில் ஒட்டும்; பட்டி வைத்து மெழுகிய இடத்தில் வழுக்கி விழும்.

இன்னொரு சிக்கல் நம்ம பக்கத்தில் அதிகம். வயல் வேலைக்கும் வாடகைக்கும் ஓடிய பெட்ரோல் அம்பாசிடர்களில் டீசல் என்ஜினை மாற்றிப்போட்டவை ஏராளம். மேட்டடார் வேனின் டீசல் என்ஜின் போட்ட அம்பாசிடரை நானே பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். ஆர்சி புத்தகத்தில் பெட்ரோல் என்றும் வண்டியில் டீசலும் இருந்தால் பெயர்மாற்றமும் நடக்காது, எஃப்சியும் ஆகாது. சொந்தமாக ஓடிய பெட்ரோல் அம்பாசிடர், அதிலும் சதுரங்கக் கட்டம் போட்ட முகப்புள்ள மார்க் 2 கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். 1489 சிசி என்ஜினுக்கு அவசரமே கிடையாது. கல்லணைக் கரையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று தலைமுறையையும் ஏற்றிக்கொண்டு போவதற்கு இதைவிட நல்ல வண்டி இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்தது ஃபியட். ஆர்சியில் பிரீமியர் பத்மினி என்றிருக்கும். நமக்கு எப்போதும் ஃபியட்தான். மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்தது. 1960-களில் ஃபியட் 1100 டிலைட் என்று வந்தது, 1970-களில் பத்மினி ஆனது, 2000-ஐ ஒட்டி நின்றது. 1089 சிசி. ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அம்பாசிடரைவிட இது சுறுசுறுப்பு. ஸ்டியரிங் பக்கத்து ஹேண்ட் கியர் நன்றாக இருக்கும் வண்டியில் கியர் மாற்றுவதே ஒரு சுகம். கும்பகோணம் தேர்வீதி நெரிசலில் அம்பாசிடரை நகர்த்துவதற்கும் ஃபியட்டை நகர்த்துவதற்கும் உள்ள வித்தியாசம் தோள்பட்டையில் தெரியும்.

ஆனால் தகரம் மெல்லிசு. டெல்டாவில் பிறந்து வளர்ந்த ஃபியட்டில் முன்தளம், கதவின் அடிவிளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, பேட்டரி வைக்கும் தட்டு ஆகிய நான்கும் ஒழுங்காக இருந்தால் அதிசயம். அம்பாசிடரில் ஒட்டுப்போடுகிற இடத்தில் ஃபியட்டில் முழுத் துண்டையே மாற்ற வேண்டிவரும். ஆகவே ஃபியட் ஆசை இருப்பவருக்கு என் ஒரே யோசனை: டெல்டாவுக்குள் தேடாதீர்கள். கோயம்புத்தூர், சேலம், திண்டுக்கல் மாதிரி காய்ந்த ஊரில் நின்ற வண்டியைத் தேடுங்கள். சுமாரான என்ஜினோடு நல்ல உடல் கிடைத்தால் உடனே முடித்துவிடுங்கள். என்ஜின் சிலிண்டரைப் போர் அடித்து பிஸ்டன் மாற்றுவதைத் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் சில வாரங்களில் செய்துவிடலாம். டிங்கர் வேலைக்கு அப்படி நாள் சொல்ல முடியாது.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. ஃபியட் என்ஜினின் மேல்மூடியான ஹெட் அலுமினியம், அதன் கீழிருக்கும் பிளாக் இரும்பு. நாகை, வேதாரண்யம் பக்கம் போர்வெல் தண்ணீர் உவர்ப்பு. வழியில் ரேடியேட்டர் காய்ந்ததென்று அந்தத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியில் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், தண்ணீர் போகும் துவாரங்களைச் சுற்றிக் கறையான் அரித்த மரம்போலப் பொடிந்திருக்கும். அதற்கு மேல் எந்தப் பேக்கிங் போட்டாலும் நிற்காது. பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். டிக்கியில் ஒரு கேன் வைத்திருங்கள். நவீன கார்களுக்குச் சொல்கிற அறிவுரைபோல இருக்கும், ஆனால் ஃபியட்டுக்குத்தான் இது உயிர்.

ஃபியட் சாமானுக்குப் புதுப்பேட்டையும் மும்பையும்தான். மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளில் கடைசி வண்டி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. இத்தனை வருடம் அந்த டாக்சிகளுக்காகவே சாமான் வந்துகொண்டிருந்தது. இனி குறையத்தான் செய்யும். முகப்புக் கண்ணாடி, விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி ஆகியவற்றை வண்டி வாங்கிய மாதமே தேடிச் சேர்த்து வைப்பது நல்லது.

இப்போது ஹெரால்டு. இதைப் பற்றி நடுநிலையாக எழுத என்னால் முடியாது. இது நம் மெட்ராஸ் கார். ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கத்தில் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை இங்கே செய்யத் தொடங்கினார்கள். வரைந்தவர் இத்தாலியின் ஜியோவன்னி மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் இரண்டு கதவோடு நின்றுவிட்ட இந்தக் காருக்கு நான்கு கதவு வைத்தது நம் ஆட்கள்தான். பிறகு கெசல் என்ற பெயரில் 1970-கள் வரை வந்தது.

948 சிசி சின்ன என்ஜின். ஆனால் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, ஒரே மூடியாக முன்னால் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரையும், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்தனுப்பும் டெல்கோவையும் பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். குடமுருட்டிக் கரையில் எதிரே கரும்பு வண்டி வந்து, திரும்பிப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இதன் அருமை தெரியும்.

டெல்டாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்றில் இதற்கு மட்டும்தான் தனிச் சேஸ். உடல் பல துண்டுகளாகப் போல்ட்டில் நிற்கிறது. கழற்றி, நாலு பேர் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சேஸைத் தனியே சுரண்டி, வெல்டிங் வைத்து, பிரைமர் அடிக்கலாம். மற்ற இரண்டிலும் இது நடக்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சேஸின் நடுச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். அவை இறங்கினால் கதவு இடுக்கு மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருக்கும். ஹெரால்டைப் பார்க்கப் போனால் பத்தடி தள்ளி நின்று அந்த இடுக்கைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அப்புறம், பின்சக்கர அமைப்பு பழைய பாணி ஊஞ்சல் அச்சு. வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சாமான்தான் கஷ்டம். என்ஜின், கியர் சாமான்கள் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். அங்கே டிரையம்ஃப் காதலர்கள் நிறைய. ஆனால் நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவும் அதன் கைப்பிடியும் இங்கே மட்டுமே செய்யப்பட்டவை. எங்கும் கிடைக்காது. நண்பர் ஒருவரின் வண்டியில் கண்ணாடி ஏற்றும் பிடி ஒன்று உடைந்துபோயிருந்தது. நல்ல பிடி ஒன்றைக் கழற்றி, நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவரிடம் மாதிரியாகக் கொடுத்தோம். மணலில் அச்சு எடுத்து, பித்தளையில் வார்த்து, அரம் வைத்து ராவிக் கொடுத்தார். லேத்தில் உள்பல் மட்டும் வெட்டி, முலாம் பூசி மாட்டினோம். இன்றைக்கு அந்தக் காரில் அழுத்தமாகத் திரும்பும் பிடி அது ஒன்றுதான். ஹெரால்டு வாங்க இதுவும் ஒரு காரணம் என்பேன்: சாமான் கிடைக்காத காரைத் திரும்ப உயிர்ப்பிக்கத் தேவையான கைகள் கும்பகோணத்தைச் சுற்றி இன்னும் இருக்கின்றன.

ஆக, வீட்டாரோடு கோயில் குளம் போக, கல்யாணத்துக்கு எடுக்க, முதல்முறையாக வாங்குகிறவருக்கு அம்பாசிடர். தானே ஓட்டி மகிழ விரும்புகிறவருக்கு, வெளியூர் வண்டிக்காக ஒரு வருடம் காத்திருக்கவும் முடியுமென்றால், ஃபியட். ஒரு காரை முழுதாகப் பிரித்துப் பூட்டும் பொறுமையும் இடமும் உள்ளவருக்கு ஹெரால்டு. பணத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் மூன்றுமே போட்டதைத் திருப்பித் தராது. விற்கும்போது ஓரளவு தாங்குவது முதல் உரிமையாளர் காகிதமும், மாறாத என்ஜின் எண்ணும், பழைய மூன்றெழுத்துப் பதிவு எண்ணும்தான். அதனால் பெயிண்டைவிட ஆர்சிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். சேஸ் எண்ணை நீங்களே பென்சில் தேய்த்துத் தாளில் எடுத்து ஒப்பிடுங்கள்.

விண்டேஜ் பதிவு பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2021-இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யப்படாத சொந்த வண்டிகளுக்கு அது கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஏற்கெனவே உள்ள பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஹெரால்டுக்குப் பொருந்தும், 1980-களின் பத்மினிக்குப் பொருந்தாது. ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, எரிபொருள் போடுவது ஆகியவற்றுக்குத்தான் அனுமதி. வாராவாரம் சுவாமிமலை போகிற ஆசை இருந்தால் சாதாரண ஆர்சியையே 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வைத்திருங்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பர்க் குழாயையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மூன்று வண்டிக்கும் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் வண்டி நிற்கப்போகிறதென்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

டிங்கர், பெயிண்ட் வேலையைத் தை அறுவடைக்குப் பிறகு தொடங்குங்கள். ஐப்பசி கார்த்திகையில் பழைய முறை என்சி (நைட்ரோ செல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால் ஈரம் ஏறி வெளுத்துப் பால் பூத்துவிடும். மாசி, பங்குனி வெயிலில் வெட்டிய தகரத்துக்கு அன்றன்றைக்கே பிரைமர் அடித்துவிட முடியும். ஜூன் மாதம் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் தளமும் பெட்டிச் சட்டங்களும் முடிந்திருக்க வேண்டும். மீட்டரையும் குஷனையும் ஆடியில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.