புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸ்: பெண்ணும் பெண்ணும் ஜோடியாகப் போனால்

இந்த இடத்தின் பெயரைப் போடப்போவதில்லை. பாராட்டத்தான் எழுதுகிறேன், ஆனால் லெஸ்பியன் ஜோடிகள் தங்குகிற இடம் என்று பேர் பரவினால் முதலில் வந்து நிற்பது வம்பு பேசுகிறவர்கள்தான். ரோமன் ரோலண்ட் வீதியை ஒட்டிய சந்து, மஞ்சள் சுவர், மாடியில் சில அறைகள், நடத்துவது ஒரு அக்கா. அடையாளம் இது போதும்.

நம்ம பக்கம் ரெண்டு பெண்களுக்கு அறை கிடைப்பது கஷ்டமே இல்லை. கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் போனால்தான் லாட்ஜில் கழுத்தைப் பார்ப்பார்கள் (அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019இலேயே சொல்லிவிட்டது, புதுச்சேரியும் அந்தக் கோர்ட்டுக்குக் கீழேதான் வரும், ஆனாலும் பல ரிசப்ஷனுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரவில்லை). எங்களிடம் ஆதாரை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். வில்லங்கம் கட்டிலில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் டபுள் பெட் கேட்டதற்கு "அக்கா தங்கச்சியாம்மா?" என்று ஆரம்பித்து, எந்த ஊர், என்ன வேலை, வீட்டில் தெரியுமா என்று வரிசையாகப் போய், கடைசியில் ரூம் பாயைக் கூப்பிட்டு ரெண்டு கட்டிலாகப் பிரித்துப் போடச் சொன்னார்கள். நாங்களும் கசின்ஸ் என்று தலையாட்டி வைத்தோம். பொய் சொல்லித் தங்குவதற்கு லீவு போட்டு வர வேண்டியதில்லை, அதைக் கடலூரில் வீட்டிலேயே இருந்து செய்யலாம்.

இங்கே அக்கா கேட்டது ஒரே கேள்வி. "ஒரு கட்டிலா, ரெண்டா பாப்பா?" ஒன்று என்றதும், "சரி, அப்ப மேல எடுத்துக்கங்க, காத்து வரும்." மறுநாள் காலையில் என் பார்ட்னர் குளித்துக்கொண்டிருந்தபோது, "அவங்க காப்பிக்குச் சர்க்கரை போடலாமா?" என்று என்னிடம் கேட்டார், புருஷனைப் பற்றிப் பெண்டாட்டியிடம் கேட்கிற அதே குரலில். வானவில் கொடி கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, பெருந்தன்மையாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. நான் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்தது இதற்குத்தான், ஏனென்றால் அறைக்கு மட்டும் என்றால் அது அதிகம்.

குறைகள் உண்டு. வைஃபை மாடிக்கு ஏறாது, வண்டி நிறுத்த இடமில்லை, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். இட்லி அருமை.

வெளியே சுற்றுவது எப்படி? பீச் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், காந்தி சிலையிலிருந்து ரெண்டு பக்கமும் கைகோத்து நடக்கலாம், பெண்கள் கைகோப்பது இங்கே யாருக்கும் செய்தி இல்லை. தொந்தரவு சனிக்கிழமை ராத்திரிதான், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மலிவுச் சரக்குக்காகவே வருகிற பைக் கூட்டம், அவர்களுக்கு நாம் ஜோடியா தோழிகளா என்பதெல்லாம் கணக்கே இல்லை, பெண் என்றால் போதும். இன்னொன்று, பிரான்ஸில் 2013லேயே எங்கள் மாதிரி ஜோடிகளுக்குக் கல்யாணம் சட்டமாகிவிட்டது என்பதற்காக பிரெஞ்சுக் கட்டடத்தில் லாட்ஜ் நடத்துகிறவருக்கும் அந்த மனசு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தெருப் பலகையில்தான் பிரெஞ்சு.

சட்டம் என்று பார்த்தால், ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவு 2018 செப்டம்பரில் விழுந்தபிறகு தங்குவதில் குற்றம் ஒன்றுமில்லை, கல்யாண உரிமையைத்தான் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தர மறுத்தது. பால்புதுமையினரை (LGBTQ ஆட்களை) போலீஸ் துன்புறுத்தக்கூடாது என்று தமிழ்நாட்டில் 2022இல் காவலர் நடத்தை விதியிலேயே சேர்த்தார்கள், ஆனால் அது தமிழ்நாட்டு விதி, கடலூர் பக்கத்து எல்லையான முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் போலீஸ் வேறு. செரினிட்டி பீச்சுக்குப் போனால் மறுபடி தமிழ்நாடு. இந்த எல்லைக் கூத்து உங்களுக்கே தெரியும்.

இதற்கு மாலத்தீவு போகலாமே என்று கேட்கிற நண்பர்களுக்கு: அங்கே ஒரே பாலினத்தார் உறவு இன்னும் குற்றம். இலங்கையிலும் மலேசியாவிலும் அப்படித்தான். காசு சேர்ந்தால் தாய்லாந்து, அங்கே 2025 ஜனவரி முதல் கல்யாணமே செய்துகொள்ளலாம். அதுவரை எங்களுக்குப் பாண்டிதான், பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

போகிறவர்கள் வார நாளில் போங்கள், வாடகையும் குறையும். எந்தக் கெஸ்ட் ஹவுஸாக இருந்தாலும் ஆப்பில் புக் பண்ணுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, "நாங்க ரெண்டு பொண்ணுங்க, ஒரே கட்டில் வேணும்" என்று கேளுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் வைத்துவிடுங்கள், முன்பணமாவது மிஞ்சும். இங்கே என்றால் மாடி அறையாகக் கேட்டு வாங்குங்கள், கீழே தண்ணி மோட்டார் விடியற்காலையிலேயே ஓட ஆரம்பித்துவிடும்.