ஓரிகனா, கலிபோர்னியாவா: பண்ணை நிலத்தில் எதைக் கட்ட விடுவார்கள்?

சான்பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால், வீட்டுக் கடன் பேச்சு முடிந்த கையோடு "ஒரு இருபது ஏக்கர் வாங்கிப் போட்டால் என்ன?" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். மண், தண்ணீர், விலை எல்லாம் விசாரிப்பார்கள். அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று மட்டும் கேட்பதில்லை. களத்தோரம் கொட்டகை போட ஊரில் யாரைக் கேட்டோம் என்ற நினைப்பு.

பேச்சில் அதிகம் அடிபடுவது இரண்டு இடங்கள். ஒன்று கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பக்கம், மற்றொன்று ஓரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கு. ஓரிகன் கொட்டகைக்குத் தாராளம், வீட்டுக்குக் கஞ்சம். கலிபோர்னியா கிட்டத்தட்ட இதற்கு நேர் எதிர்.

முதலில் கொட்டகை. டிராக்டர் நிறுத்தவும் வைக்கோல் அடுக்கவும் கட்டும் விவசாயக் கட்டடத்துக்கு ஓரிகனில் மாநிலக் கட்டட விதியிலிருந்து விலக்கு உண்டு. எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி, வெள்ளப் பகுதியா இல்லையா என்பதைக் கவுண்டி, அதாவது அங்கத்திய மாவட்ட நிர்வாகம், பார்க்கும். மின்சாரம், குழாய் வேலைக்குத் தனி பெர்மிட். அவ்வளவுதான். ஆனால் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஒரே நேரத்தில் 10 பேர் வேலை பார்த்தால் விலக்கு போய்விடும். வாடிக்கையாளர்களை உள்ளே விட்டாலும் அப்படியே. வாரக் கடைசியில் கொட்டகையிலேயே காய்கறி விற்கலாம் என்று திட்டம் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் மாநிலம் முழுமைக்கும் அப்படி ஒரு விலக்கு கிடையாது. சில கவுண்டிகள் சலுகை தருகின்றன. மற்ற இடங்களில் வெறும் தகர ஷெட்டுக்கும் நிலநடுக்கம், காற்று எல்லாம் கணக்குப் போட்ட வரைபடத்தோடு வரச் சொல்வார்கள். செலவு கூடும், மாதங்கள் போகும். போகட்டும், கடைசியில் கட்டிவிடலாம்.

சொந்த வீடு அப்படியல்ல. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

1973-இல் டாம் மெக்கால் ஆளுநராக இருந்தபோது ஓரிகன் மாநிலம் தழுவிய நிலப் பயன்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விவசாயத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிய மண்டலத்தில் புதிதாக நிலத்தைத் துண்டு போடக் குறைந்தது 80 ஏக்கர், மேய்ச்சல் நிலமானால் 160. பழைய இருபது ஏக்கர்த் துண்டு ஒன்று விலைக்கு வரும், வாங்கவும் செய்யலாம். வீடு கட்டப் போனால்தான் கேள்வி வரும்: நீங்கள் விவசாயியா? வளமான நிலம் என்று வகைப்படுத்திய இடத்தில் அதற்கான அளவுகோல், பண்ணையின் மொத்த விற்பனை வருமானம் ஆண்டுக்கு 80,000 டாலர். கடந்த இரண்டு ஆண்டுகளிலும், அல்லது ஐந்தில் மூன்று ஆண்டுகளிலாவது காட்ட வேண்டும். வில்லமெட் பள்ளத்தாக்கின் நல்ல மண்ணெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். மாடு வாங்கி விற்றால், வாங்கிய விலையைக் கழித்துத்தான் கணக்கு.

அங்கே எல்லோரும் சொல்லும் பயிர் ஹேசல்நட் என்ற கொட்டைப் பருப்பு மரம். கன்று வைத்து நாலைந்து வருடம் சொல்லிக்கொள்ளும்படி காய்ப்பு இருக்காது. அதுவரை வருமானம் இல்லை, வருமானம் இல்லாததால் வீடும் இல்லை. காலையில் போர்ட்லேண்டிலிருந்து காரில் வந்து, கன்றுக்குத் தண்ணீர் விட்டு, மாலையில் திரும்பிப் போக வேண்டியதுதான். ஓரிகனில் நிலம் பார்க்கிறீர்கள் என்றால், சட்டப்படி கட்டிய வீடு ஏற்கெனவே நிற்கும் நிலத்தை மட்டும் பாருங்கள். பழைய வீட்டை இடித்து மாற்றிக் கட்டத் தனி வழி இருக்கிறது. வீடில்லாத நிலத்தின் விலை மலிவாகத் தெரிவதற்குக் காரணமும் இதுதான். ஏஜென்ட் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

ஃப்ரெஸ்னோ கவுண்டியில் விவசாய மண்டலத்தின் பொதுவான அளவு 20 ஏக்கர். அதில் ஒரு வீடு கட்ட வருமானக் கணக்கை யாரும் கேட்பதில்லை. செப்டிக் டேங்குக்கு மண் சரியா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கலிபோர்னியா கட்டுப்பாட்டை வரி வழியாக வைத்திருக்கிறது. 1965-இன் வில்லியம்சன் சட்டப்படி, நிலத்தை விவசாயத்துக்கே வைத்திருப்பதாகக் கவுண்டியோடு பத்தாண்டு ஒப்பந்தம் போட்டால் சொத்துவரி குறையும். ஒப்பந்தம் ஆண்டுதோறும் தானாக நீளும், விலகுவதாக எழுதிக் கொடுத்த பிறகும் மிச்ச ஆண்டுகள் ஓட வேண்டும். நீங்கள் வாங்கும் நிலத்தில் பழைய உரிமையாளர் போட்ட ஒப்பந்தம் இருந்தால் அது உங்கள் தலையில். வரி மிச்சம் என்று சந்தோஷப்படும் முன், அந்தக் கவுண்டி ஒப்பந்த நிலத்தில் எந்த அளவு வீட்டை ஏற்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் வேலையாட்கள் தங்கும் இடம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கலிபோர்னியாதான். அவர்கள் சேர்ந்து தங்கும், 36 படுக்கைகள் வரை உள்ள தங்குமிடத்தையும், 12 வரையுள்ள தனித்தனி வீடுகளையும் விவசாயப் பயன்பாடாகவே கருத வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. அதே மண்டலத்தில் மற்ற விவசாய வேலைக்குக் கேட்காத சிறப்பு அனுமதியை இதற்குக் கேட்கக் கூடாது. அக்கம்பக்கத்தார் அனுமதிக்கான கூட்டத்துக்கு வந்து முட்டுக்கட்டை போடும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ தங்கவைத்தால், தங்குமிடத்தை நடத்த ஆண்டுதோறும் அனுமதியும் சோதனையும் உண்டு, அது நியாயம்தான்.

ஓரிகனில் வேலையாள் வீடும் அதே வருமான வாசலில்தான் நிற்கிறது: பண்ணை தேறினால்தான் கூடுதல் வீடு, அதுவும் இந்த வேலைக்கு இந்த ஆள் தேவை என்று காட்டிய பிறகு. தங்குமிடத்தை ஆண்டுதோறும் பதிவு செய்வது தனி.

வெளிநாட்டு விவசாயத் தொழிலாளர்களைத் தற்காலிகமாக வரவழைக்கும் எச்-2ஏ விசாவில் ஆள் எடுத்தால் எந்த மாநிலமானாலும் இலவசத் தங்குமிடம் முதலாளி பொறுப்பு. புதிதாகக் கட்டுபவர்கள் பின்பற்ற வேண்டிய மத்திய அரசின் அளவுகள் துல்லியமானவை: தூங்கும் அறையில் ஆளுக்கு 50 சதுர அடி, கட்டில்களுக்கு இடையே 36 அங்குலம், 10 பேருக்கு ஒரு ஷவர், மூன்றடுக்குக் கட்டில் கூடவே கூடாது.

படுக்கைக் கணக்குப் போடும்போது கிணற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கிணற்றுத் தண்ணீரை 25 பேர் ஆண்டில் 60 நாள் குடித்தால் அது பொதுக் குடிநீர் அமைப்பாகிவிடும். தொடர் பரிசோதனை, அறிக்கை எல்லாம் கூடவே வரும். நம் வீட்டு ஆட்களும் அந்த எண்ணிக்கையில் சேர்த்தி. சட்டம் 36 படுக்கை வரை விட்டாலும், நானாக இருந்தால் 20-உடன் நிறுத்திக்கொள்வேன்.