தரவைப் பிரிப்பதா, பூட்ஸ்ட்ராப்பா?

இலங்கையின் நுவரெலியா, பதுளைத் தேயிலைத் தோட்டங்களில் 800 பேரைப் பின்தொடர்ந்ததில் 60 பேருக்கு நீரிழிவு வந்தது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு வரும் என்று கணிக்கும் மாடலை எப்படிச் சோதிப்பது?

70:30 என எழுந்தமானமாகப் பிரித்தால், உருவாக்க ஏறக்குறைய 42 நோயாளிகள், சோதிக்க 18 பேர். பதினெட்டை வைத்து எதையும் நம்ப முடியாது. மறுபடி பிரித்தால் விடையும் மாறும். அழகான விடையை மட்டும் அறிக்கையில் போடும் ஆசை வேறு வரும்.

பூட்ஸ்ட்ராப்பில், அதாவது அதே தரவிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுக்கும் முறையில், 800 பேரும் மாடலுக்குப் பயன்படுவார்கள். எடுத்தவரைத் திரும்பப் போட்டு 800 பேரைத் தெரிவுசெய்து, அதில் புதிய மாடல் கட்ட வேண்டும். அதே தெரிவில் அது காட்டும் கணிப்புத் திறனிலிருந்து மூலத் தரவில் காட்டும் திறனைக் கழிக்க வேண்டும். இப்படி 500 தடவை செய்து வரும் சராசரிதான் மிகைமதிப்பு, அதாவது மாடல் தன் சொந்தத் தரவில் கூட்டிக் காட்டும் திறன்; அதை 800 பேரையும் வைத்துக் கட்டிய முதல் மாடலின் திறனிலிருந்து குறைக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: மாறிகளை (வயது, எடை போன்ற கணிப்புக்கு உதவும் தகவல்களை) தெரிவுசெய்யும் படியை ஒவ்வொரு தடவையும் மீளச் செய்யாமல், கடைசியில் தேறிய மாறிகளை மட்டும் ஓட்டுகிறார்கள். மிகைமதிப்பு குறைவாகத் தெரியும்.

இந்த அளவுக்குப் பூட்ஸ்ட்ராப்தான் சரி. ஆனால் பகல் கிளினிக்குக்கு வந்தவர்களை மட்டும் சேர்த்திருந்தால், அன்றைய பெயர் (நாட்சம்பளப் பதிவு) போய்விடும் என்று மலையை விட்டு இறங்காத கொழுந்து பறிக்கும் பெண்கள் தரவிலேயே இருக்கமாட்டார்கள்; அதை இந்த இரண்டு முறைகளும் காட்டிக்கொடுக்காது. யார் விடுபட்டார்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். கணிப்பு மாடல்களை எப்படி அறிக்கையிடுவது என்று சொல்ல 2015இல் வந்த ட்ரைபாட் (TRIPOD) வழிகாட்டியும், மாதிரி எல்லோரையும் பிரதிநிதித்துவப்படுத்தாவிட்டால் அதைக் குறைபாடாகச் சொல்லும்படி கேட்டது.