ஆட்டுக்கறி மசாலேவுக்கு மடத்து ஒயின்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் ஞாயிற்றுக்கிழமை விருந்து என்றால் ஆட்டுக்கறி மசாலேவுக்குப் (நம் மசாலாக் குழம்பின் இந்த ஊர் வடிவம்) பக்கத்தில் பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின் வந்து நின்றுவிடும். நல்ல ஒயின்தான், ஆனால் அந்தச் சாப்பாட்டுக்குச் சேராது. அதன் துவர்ப்பு மிளகாய் மேல் பட்டதும் கசக்கிறது. காரமும் இரண்டு மடங்காக ஏறுகிறது. நான் புதுச்சேரியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். சேன் பியேர் ஊரில் வீட்டோடு ஒட்டி நாலு அறை வைத்து, தங்க வருகிறவர்களுக்கு இரவுச் சாப்பாடும் போடுகிறேன். "மதாம், இதுக்கு எந்த ஒயின்?" என்று அவர்கள் கேட்டால் உருப்படியாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை.

ஊரில் ஒரு ஒயின் கடையில் அவ்வப்போது ருசி பார்க்கும் மாலை வைக்கிறார்கள். இந்த முறை ஐரோப்பாவின் பழைய மடங்களோடு தொடர்புள்ள ஒயின்கள். தலைக்கு 40 யூரோ, ஐந்து கிளாஸ், கூடவே ரொட்டியும் சீஸும்.

முதலில் வந்தது ஜெர்மனியின் ரைன்காவ் பகுதியிலிருந்து குளோஸ்டர் எபர்பாக் மடத்தின் ரீஸ்லிங், அந்தப் பெயருள்ள திராட்சையில் செய்த வெள்ளை ஒயின். 1136-இல் பிரான்சிலிருந்து சிஸ்தேர்சியன் துறவிகள் போய்த் தொடங்கிய மடம் அது. பிரான்சின் பர்கண்டியில் குளோ த வூஜோ திராட்சைத் தோட்டத்தை உண்டாக்கி மதில் எழுப்பியதும் இதே சபையார்தான். இப்போது எபர்பாக்கில் துறவிகள் கிடையாது. 1803-இல் மடம் கலைக்கப்பட்டது. தோட்டமும் நிலவறையும் இன்று ஹெஸ்ஸே மாநில அரசின் கையில். எங்களுக்கு ஊற்றியது லேசான இனிப்புள்ள வகை. எலுமிச்சைத் தோல் மணம், நாக்கின் இரு ஓரத்தையும் கூச வைக்கிற புளிப்பு, ஆல்கஹால் குறைவு. காரச் சாப்பாட்டுக்கு இப்படித்தான் வேண்டும்: இனிப்பு காரத்தை அடக்கும், புளிப்பு எண்ணெயை அறுக்கும். பச்சை மாங்காய் ருகாயோடு (காரத் துவையல்) இதைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம்.

அடுத்தது இத்தாலியின் வட கோடியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே பிரிக்ஸன் ஊருக்குப் பக்கத்திலுள்ள நோவசெல்லா மடத்தின் கெர்னர் வெள்ளை ஒயின். 1142-இல் தொடங்கியது, நடுவில் 1807 முதல் சில வருடங்கள் அரசால் பிடுங்கப்பட்டு, 1816-இல் திரும்பக் கிடைத்தது. அகஸ்தீனிய சபையார் இன்றும் அங்கே இருக்கிறார்கள், ஒயினும் அவர்களுடையதே. கெர்னர் பழைய திராட்சை இல்லை. ரீஸ்லிங்கையும் ஒரு சிவப்புத் திராட்சையையும் கலந்து 1929-இல் ஜெர்மனியில் உருவாக்கியது. கடைக்காரர் அதை ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிவிட்டார். பல் கூசியதே தவிர மணம் ஒன்றும் எழவில்லை. கிளாஸை உள்ளங்கையில் பொத்தி வைத்துக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்த பிறகுதான் பீச் பழ வாசனையும் பூ வாசனையும் கிளம்பின. விருந்துக்கு வைப்பவர்கள் முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள்.

பிரான்சின் தென்கரையில் கான் நகருக்கு எதிரே சேன் ஒனோரா தீவில் லெரேன் மடத்துத் துறவிகள் தாங்களே பயிரிடும் ஷிரா திராட்சையின் சிவப்பு ஒயினும் வந்தது. எட்டு ஹெக்டேர் அளவில்தான் தோட்டம், அதனால் விலை எக்கச்சக்கம். மிளகு மணத்தோடு அழகாக இருந்தது. ஆனால் மசாலேவுக்கு ஆகாது. சுட்ட இறைச்சியோடு குடியுங்கள்.

நாலாவது கிளாஸ் பற்றி எனக்குக் கோபமே உண்டு. லேபிளில் மடத்து வளைவும் மணிக்கூண்டும் அச்சடித்திருந்தது; எந்த மடம் என்று கேட்டால் பதில் இல்லை. ஒயினும் வெந்துபோயிருந்தது. கண்டெய்னரிலோ கிடங்கிலோ வெயில் பட்டு, ஜாம் காய்ச்சிய நெடி. இத்தனை தூரம் கப்பலில் வருகிற சரக்கை விற்பவர்கள் பாட்டிலைத் திறந்ததும் ஒரு வாய் பார்க்க வேண்டாமா? மடத்துப் படம் போட்டிருக்கிறதே என்று யாரும் வாங்கிவிடாதீர்கள். தோட்டம் யாருடையது, பாட்டிலில் அடைத்தவர் யார் என்று லேபிளின் பின்பக்கம் பாருங்கள்.

கடைசி கிளாஸுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிழக்குப் பிரான்சில் ஜுரா பகுதியின் ஷாத்தோ ஷலோன், மஞ்சள் ஒயின். அந்த ஊரில் பிரெஞ்சுப் புரட்சி வரை கன்னியர் மடம் ஒன்று இருந்தது. இந்த ஒயினின் பெருமையை அந்தக் கன்னியருக்கே கொடுப்பது அங்கே வழிவழியாக வரும் பேச்சு. திராட்சை சவான்யன் ஒன்றுதான். பீப்பாயில் ஊற்றிய பிறகு குறையக் குறைய நிரப்பமாட்டார்கள். மேலே ஈஸ்ட் பாலாடை போலப் படர்ந்து மூடிக்கொள்ளும். அதன் அடியில் வருடக்கணக்காகக் கிடக்கும். அறுவடை முடிந்து ஆறு வருடமும் சில மாதமும் கழித்துத்தான் விற்பனைக்கு வரும். பாட்டில் குட்டையாக, தோள் அகன்று இருக்கும். 62 சென்டிலிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டரில் கடைசியில் மிஞ்சுவது அவ்வளவுதான் என்பார்கள். விளைச்சல் சரியில்லாத வருடத்தில் அந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூட வெளியிடமாட்டார்கள். 2001 அப்படிப்பட்ட வருடம்.

வாயில் வைத்தால் துளி இனிப்பில்லை. வால்நட், உப்பு, அதற்குப் பின்னால் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மணம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்த சமயம் ஒரு பாட்டில் வாங்கி வந்து அடுப்படி மேடையில் கிளாஸில் ஊற்றி வைத்தேன். ஒயினைத் தொடாதவர்கள். தாண்டிப் போகும்போது நின்று, "வெந்தயத்த வறுத்தியாடி?" என்றார்கள். வறுக்கவில்லை. வெந்தயத்துக்கு மணம் கொடுக்கிற சோட்டலோன் என்ற பொருள்தான் அந்த ஈஸ்ட் படலத்துக்கு அடியில் கிடக்கும் ஒயினிலும் சேர்கிறது. நம் மசாலேவிலும் வெந்தயம் உண்டு. அன்றிரவு ஆட்டுக்கறியோடு குடித்துப் பார்த்தோம். கறியின் மணம் ஒயினில் தொடர்ந்தது, ஒயின் விட்ட இடத்தில் கறி எடுத்தது. கொத்தமல்லி, சீரகம் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. என் கணவர் இரண்டாவது முறை சோறு கேட்டார்.

விலை சுருக்கென்று இருக்கும். கப்பல் கூலியும், தீவுக்கு வரும் சரக்குக்கான கடல்வரியும் சேர்ந்துகொள்கின்றன. தினப்படிக்கு நோவசெல்லா கெர்னர் போதும். மஞ்சள் ஒயினை ஃப்ரிஜ் குளிரில் கொடுக்காதீர்கள், 15 டிகிரி வாக்கில் இருக்கட்டும். மூடி திறந்தாலும் வாரக்கணக்கில் கெடாது. அதனால் நான் ஒரு பாட்டிலைத் திறந்து வைத்து, மசாலே கேட்கும் விருந்தாளிகளுக்குச் சின்ன கிளாஸ் கணக்கில் ஊற்றுகிறேன்.