செல்லேவா, கிப்ஸ் பண்ணையா?

சிற்பிகளைத் தன் நிலத்துக்கே வரவழைத்து அங்கேயே படைக்கச் சொன்னவர்களில் இருவர்: இத்தாலியின் பிஸ்தோயா அருகே செல்லே எஸ்டேட்டின் ஜூலியானோ கோரி, நியூசிலாந்தின் கைப்பாரா துறைமுகக் கரையில் ஆலன் கிப்ஸ். இருவருமே அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவை அழைத்தார்கள் என்பதால் ஒப்பிடுவது எளிது.

செல்லேயில் 1982-இல் செர்ரா வைத்தவை கல் பாளங்கள். சரிந்த புல்வெளியில் அடக்கமாக நிற்கின்றன. கிப்ஸ் பண்ணையிலோ 252 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரத்துக்கு அவருடைய எஃகுச் சுவர், நிலத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோட்டின் வழியே வளைந்து ஓடுகிறது. அதோடு முடியவில்லை: சிற்பி அனிஷ் கபூரின் சிவப்புக் குழல் 85 மீட்டர் நீளம். பொறியியல் சவால்தான் கிப்ஸுக்குப் பிடித்த விஷயம் போல! காற்று, வெட்டவெளி இரண்டையும் தாங்கினால்தான் அங்கே சிற்பம் நிலைக்கும்.

செல்லே அப்படியில்லை. பழைய தோட்டம், மரங்கள், நடைபாதைகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. கலைஞர் முதலில் இடத்தைத் தேர்ந்தெடுப்பார், அப்புறம்தான் படைப்பு. அங்கே சிற்பி ராபர்ட் மோரிஸ் அமைத்த முக்கோணப் புதிர்ப்பாதையின் பச்சை வெள்ளைக் கல் பட்டைகள், செல்லே இருக்கும் டஸ்கனிப் பகுதியின் பழைய தேவாலயங்களை நேராக நினைவூட்டும்.

பிரமிக்க கிப்ஸ் பண்ணை. நிதானமாக நடக்க செல்லே. என் ஓட்டு செல்லேவுக்கு. இரண்டுக்கும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.