போட்டுக்கு வயர் இழுக்க கார் ரேடியோக்காரரைக் கூப்பிடாதீர்கள்

மலேசியாவில் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, தெலுக் இந்தான் பக்கம் சொந்தமாகச் சின்ன போட் வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால், முதலில் போய் உங்கள் பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து எத்தனை வயர் கிளம்புகிறது, ஒவ்வொன்றிலும் ஃபியூஸ் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். நான் எண்ணவில்லை. அதனால் போன மாதம் பெர்ணம் ஆற்று வாய்க்கு வெளியே நானும் மச்சானும் அவர் மகனும் எரிந்து போகப் பார்த்தோம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "உனக்கு என்ன தெரியும்" என்று யாராவது கேட்பீர்கள். தோட்டத்துப் பிள்ளை நான், அப்பா அம்மா இரண்டு பேரும் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற வரிசைக்கு, நின்றவர்கள். நான் செம்பனை ஆலையில் ஃபிட்டராக முப்பது வருஷம் ஓட்டினேன். மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் சுவிட்சைப் பூட்டி அட்டை தொங்கவிடாத பையன்களை நானே ஏசியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஆள் தன் சொந்த போட்டில் யாரோ இழுத்த வயரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இதில் என் பங்கு மடத்தனம் எவ்வளவு என்று வீட்டில் தினமும் கணக்குச் சொல்கிறார்கள், நீங்கள் வேறு சொல்ல வேண்டாம்.

போட் இருபத்து மூன்று அடி ஃபைபர், பின்னால் 60 குதிரைத் திறன் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். ஓய்வுப் பணத்தில் மச்சானோடு பாதிப் பாதி போட்டு வாங்கியது. மீன்பிடிப்பு சும்மா பொழுதுபோக்குக்குத்தான், கிடைத்தால் சியாக்காப் (கொடுவா மீன்), கிடைக்காவிட்டால் வெயில். எஞ்சின் திருடு போகிற பயம் இருந்ததால் போட் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற டிராக்கர் ஒன்று போடலாம் என்று மச்சான் ஆரம்பித்தார். சரி, போடுவதுதான் போடுகிறோம், ஆழம் காட்டுகிற ஃபிஷ்ஃபைண்டர், அடியில் தண்ணீர் ஏறினால் கத்துகிற அலாரம், பேட்டரி அளவு காட்டுகிற மீட்டர் எல்லாமே போட்டுவிடலாம் என்று முடிவானது. பட்டணத்தில் காருக்கு ரேடியோவும் அலாரமும் பொருத்துகிற கடை ஒன்று இருக்கிறது. கடைப் பெயர் எழுதப் போவதில்லை, கேஸ் நடக்கிறது. "போட்டும் 12 வோல்ட், காரும் 12 வோல்ட், என்ன பாஸ் வித்தியாசம்" என்றார் அந்தக் கடைக்காரர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பொருளோடு கூலியும் சேர்த்து 3,600 வெள்ளி (ரிங்கிட்). பாதி முன்பணம், அதை நல்லவேளையாக வங்கியில் மாற்றினேன், மீதி கையில். அரை நாளில் வேலை முடிந்தது. டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தது, பார்க்க அழகாக இருந்தது. நானும் மச்சானும் படம் எடுத்து குடும்ப வாட்சாப்பில் போட்டோம்.

முதல் கோளாறு பத்து நாளில் வந்தது. ராத்திரி மழை. காலையில் ஜெட்டிக்குப் போனால் போட்டுக்குள் கணுக்கால் வரை தண்ணீர், பம்ப் ஓடவில்லை, அலாரமும் கத்தவில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "மழைத் தண்ணிதான் பாஸ், வேற ஒண்ணுமில்ல." மழைத் தண்ணீராகவே இருக்கட்டும், அதை இறைக்கத்தானே பம்ப்? அதற்குப் பதில் இல்லை.

அடுத்தது ஃபிஷ்ஃபைண்டர். எஞ்சினை ஸ்டார்ட் செய்கிற ஒவ்வொரு தடவையும் அது அணைந்து மறுபடி உயிர் பெறும். ஓடும்போதும் சில நேரம் ஆழம் காட்டாமல் கோடு கோடாக இழுக்கும். இதற்கு அவர் சாஃப்ட்வேர் அப்டேட் என்று 80 வெள்ளி வாங்கினார். சரியாகவில்லை. பிறகு "வோல்டேஜ் நிலைநிறுத்தும் பெட்டி" என்று ஒன்றை 180 வெள்ளிக்குப் பொருத்தினார். அப்போதும் சரியாகவில்லை. மூன்றாம் முறை, பேட்டரியே மாற்ற வேண்டும், தன்னிடமே இருக்கிறது என்றார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் சந்தேகத்தை வைத்துக்கொண்டே கடலுக்குப் போனேன் பாருங்கள்.

அன்றைக்கு விடியுமுன் வற்றத்தோடு இறங்கினோம். ஆற்று வாய் தாண்டி நங்கூரம் போட்டு, எஞ்சினை அணைத்து, தூண்டில் போட்டு, மச்சான் கொண்டு வந்த நாசி லெமாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தோம். மச்சான் மகன்தான் முதலில், "மாமா, பிளாஸ்டிக் கருகுற மாதிரி வாசம் வருது" என்றான். பின் பக்கத்துப் பெட்டியின் இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் நூல் மாதிரி புகை. உடனே மெயின் சுவிட்சைத் திருகினேன். டேஷ்போர்டு அணைந்தது, புகை நிற்கவில்லை. அந்த நொடியில் வயிற்றுக்குள் விழுந்த குளிரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மெயினை அணைத்த பிறகும் ஒன்று எரிகிறது என்றால் அது சுவிட்சைத் தாண்டி நேரே பேட்டரியிலிருந்து வருகிறது என்று ஆலைக்கார மூளைக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்பேனர் எடுத்து நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும், இரண்டு மணி நேரம் மாதிரி இருந்தது. கழற்றியதும் நின்றது. மச்சான் தீயணைப்புப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஊசியை எடுக்க மறந்துவிட்டு.

வழக்கமாக 25 லிட்டர் பெட்ரோல் தோங் (எரிபொருள் கலன்) அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும், பேட்டரிக்கு ஒரு முழம் தள்ளி. அன்றைக்கு ஐஸ் பெட்டியைப் பின்னால் வைத்ததால், பாரம் சமமாகட்டும் என்று பையன் தோங்கை முன்னால் நகர்த்தியிருந்தான். அவ்வளவுதான் எங்களுக்கும் சாவுக்கும் நடுவில் இருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, போட்டின் அடியில் தேங்கி நிற்கும்.

பேட்டரியைக் கழற்றிய பிறகு ரேடியோ செத்துவிட்டது, போனில் ஒரு கோடு சிக்னல். நல்லவேளையாக எங்கள் எஞ்சின் பழைய ரகம், ஸ்பார்க்குக்கு பேட்டரி தேவையில்லை. மூடியைக் கழற்றி ஃபிளைவீலில் கயிறு சுற்றி இழுத்து, ஏழாவது இழுப்பில் கிளப்பி வீடு வந்தோம். புது எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதை நம்பிப் போகாதீர்கள், பல மாடல்கள் பேட்டரி இல்லாமல் கிளம்பாது.

மறுநாள் லூமுட் கடற்படைத் தளத்தில் மின் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பாக்சிக்கை, அதாவது மலாய்க்காரப் பெரியவரை, கெஞ்சி அழைத்து வந்தேன். அவர் எதையும் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அன்றைக்குக் கற்றதை அப்படியே எழுதுகிறேன், காசு கொடுத்துக் கற்ற பாடம்.

கருகியது டிராக்கர் வயர். அதை மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே நேராக பேட்டரியில் மாட்டியது தப்பில்லை, திருட்டுக் காவலுக்கு அது எப்போதும் ஓட வேண்டும். ஆனால் ஃபியூஸ் கிடையாது. அந்தக் கருவி குடிப்பது அரை ஆம்பியர்கூட இருக்காது, 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, சில வெள்ளி, பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. வயரைப் பிடித்து நிறுத்தக் கடைக்காரர் அடித்த இரும்புக் கிளிப்பின் திருகு, இரட்டை வயரின் தோலை இரண்டு பக்கமும் கடித்திருக்கிறது. எஞ்சின் அதிர்வில் நாளாக நாளாகத் தேய்ந்து அன்றைக்கு இரண்டு செம்பும் திருகு வழியாகத் தொட்டுக்கொண்டன. சின்ன ஈய அமில பேட்டரியானாலும் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொட்டும், நூல் மாதிரி வயர் என்ன ஆகும்? ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான், கருவிக்காக அல்ல என்று பாக்சிக் இரண்டு தடவை சொன்னார். அமெரிக்க போட் அண்ட் யாட் கவுன்சில் விதிப்படி, எஞ்சின் கிளப்புகிற தடித்த கேபிள் தவிர மற்ற வயர்களுக்கு பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 18 சென்டிமீட்டருக்குள், ஃபியூஸ் இருக்க வேண்டும். குழாய்க்குள் போகிற வயருக்குக் கொஞ்சம் தூரம் தள்ளலாம், அவ்வளவுதான்.

பம்ப் கதை நேர் எதிர். சுவிட்சுக்கு முன்னால் இருக்க வேண்டிய பம்பையும் தண்ணீர் அலாரத்தையும் சுவிட்சுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். நாங்கள் ஜெட்டியில் கட்டிவிட்டு மெயினை அணைத்தால் இரண்டும் செத்துவிடும். ஆளில்லாத நேரத்தில் வேலை செய்யத்தானே அவை? அதுவும் அன்றைக்கு ஏறியது மழைத் தண்ணீர் மட்டுமில்லை. ஃபிஷ்ஃபைண்டரின் டிரான்ஸ்டியூசரை (தண்ணீருக்குள் ஒலி அனுப்பி ஆழம் பார்க்கிற பகுதி) பொருத்தப் பின்பலகையில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, நாலு திருகு போட்டு, குளியலறைக்குப் பூசுகிற புளித்த வாடை சிலிக்கானை வைத்து அடைத்திருக்கிறார். அது உரிந்து கையோடு வந்தது. ஃபைபருக்கு உள்ளே பலகை இருக்கிறது, அது நீர் குடித்து ஊறிப்போயிருக்கிறது, அதை அறுத்துக் காயவைத்து மறுபடி கட்டத்தான் இப்போது பெரிய செலவு. தண்ணீருக்குக் கீழே கடல் வேலைக்கென்று விற்கிற சீலன்ட்தான் போட வேண்டுமாம். டிரான்ஸ்டியூசரையும் புரொப்பெல்லருக்கு ஒட்டி வைத்திருந்தார், நுரை போகிற பாதையில் அது எதைப் பார்க்கும்? கோடு கோடாக இழுத்ததன் காரணம் அதுதான், 80 வெள்ளி அப்டேட்டில் அது எப்படிப் போகும்.

எஞ்சின் கிளப்பும்போது அணைந்ததற்கும் காரணம் சாதாரணமானது. இருபதடி தூரத்துக்கு ஸ்பீக்கர் வயர் அளவுக்கு மெல்லிய வயர், நடுவில் இரண்டு இடத்தில் முறுக்கி பிளாக் டேப் சுற்றிய இணைப்பு. டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சை. உப்புக் காற்றில் வெறும் செம்பு இரண்டே மாதத்தில் அப்படி ஆகியிருக்கிறது. வெள்ளீயம் பூசிய பல இழை வயர், இணைப்பில் அழுத்திப் பிடிக்கிற கிரிம்ப் போட்டு மேலே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி மூடுகிற குழல்), 45 சென்டிமீட்டருக்கு ஒரு பிடிப்பு, இவ்வளவும் இருந்தால் போதும். முக்கியக் கருவிக்குப் போகிற வழியில் வோல்டேஜ் 3 சதவீதத்துக்கு மேல் விழக்கூடாது என்பது கணக்கு. எங்களுடையதில் பாக்சிக் அளந்தபோது அதைப் போல நாலு மடங்கு விழுந்தது. அந்த 180 வெள்ளிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே ஒரு கப்பாசிட்டரும் நீல விளக்கும்.

அலாரத்துக்காகக் கடைக்காரர் வைத்த கார் ரிலே (மின்சாரத்தால் தானாகத் தட்டுகிற சுவிட்ச்), பெட்ரோல் தோங் இருக்கும் அதே பெட்டிக்குள் இருந்தது. ரிலே தட்டும்போது உள்ளே சின்னப் பொறி பறக்கும். காரில் அது பரவாயில்லை. பெட்ரோல் ஆவி தேங்குகிற இடத்தில் பொறி வெளியே வராதபடி அடைத்த ரகத்தைத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கே போகக்கூடாது.

இன்னொன்று, டிராக்கர். "நடுக்கடலிலும் காட்டும்" என்று விற்றார். அது இருக்கிற இடத்தைச் செயற்கைக்கோளிலிருந்து தெரிந்துகொள்ளும், ஆனால் உங்களுக்குச் சொல்வது போன் சிம் வழியாக. சிக்னல் இல்லாத இடத்தில் அதுவும் நம்மைப் போலத்தான், வாயடைத்து நிற்கும். ஸ்பீக்கரை திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்து அதன் முள்ளைத் திருப்பிவிட்டதை எல்லாம் நான் புகாரில்கூட எழுதவில்லை, இடம் போதவில்லை.

கருகிய வயரோடு கடைக்குப் போனேன். ஃபியூஸ் எங்கே என்றேன். "ஃபியூஸ் போட்டா திருடன் அதத்தான் பாஸ் மொதல்ல புடுங்குவான், உங்க நல்லதுக்குத்தான் விட்டேன்." வயரையே வெட்டத் தெரிந்த திருடன் ஃபியூஸைத் தேடுவானா என்றேன். பிறகு குரல் மாறியது. கடல் தண்ணீர் பட்டால் உத்தரவாதம் கிடையாது, நான்தான் ஏதோ நோண்டியிருப்பேன், ரசீது இருக்கிறதா. ரசீது இல்லை. எழுதித் தந்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் கடை முத்திரைகூட இல்லை. ஆனால் வங்கி மாற்றம் இருக்கிறது, "நாளைக்கு வந்து போட் ஒயரிங் முடிக்கிறேன்" என்று அவர் அனுப்பிய குரல் செய்தி இருக்கிறது, அப்டேட் செய்ததற்குக் காசு கேட்ட வாட்சாப் இருக்கிறது. பழைய செய்தியை அழிக்கிற பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் போட்டிருக்கிறேன். 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், சம்பவம் நடந்து 3 வருஷத்துக்குள் போட வேண்டும். போரங் 1 என்கிற படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் எதிர்த் தரப்பு 14 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் சொன்ன பதில், நான் ஆள் ஏற்றிக் காசு வாங்குகிறேன், வியாபாரத்துக்கான போட், அதனால் நான் பயனீட்டாளரே இல்லை என்பது. இந்த மூளையைக் கொஞ்சம் வயரிங்கில் காட்டியிருக்கலாம். நண்பர்கள் எண்ணெய்க் காசு பங்கு போட்டதைத்தான் அப்படித் திரிக்கிறார், அதற்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். உண்மையிலேயே வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள், உங்களுக்கு இந்த வழி அடைபடலாம்.

விசாரணை அடுத்த வாரம். கருகிய வயர், உரிந்த சிலிக்கான், நீல விளக்குப் பெட்டி மூன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வைத்திருக்கிறேன். அலமாரியைத் திறந்தால் இன்னும் கருகிய வாடை அடிக்கிறது, வீட்டுக்காரி சேலையை எல்லாம் வேறு அறைக்கு மாற்றிவிட்டாள்.