இரண்டு ஊர்களுக்கு ஒரே காலண்டர்: ஆடிட்டர் அலுவலகத்தில் கூகுள் காலண்டர்

புதுச்சேரியில் தலைமை அலுவலகமும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளையும் வைத்து நடத்துகிற எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில், வேலையைவிட அந்த வேலைக்கான நேரத்தைப் பொருத்துவதே பெரும்பாடாக இருந்து வந்தது. ஒரு வாடிக்கையாளரை மூத்த ஆடிட்டரும், ஜிஎஸ்டி பார்க்கும் கணக்கரும், கடலூர்ப் பொறுப்பாளரும் சேர்ந்து சந்திக்க வேண்டுமென்றால், வரவேற்பில் இருப்பவர் மூவரையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்து, ஒருவர் சொன்ன நேரத்தை அடுத்தவரிடம் சொல்லி, அவர் மாற்றிச் சொன்னதை மறுபடி முதலாமவரிடம் கேட்டு, கடைசியில் வாடிக்கையாளருக்கு அந்த நேரம் ஒத்துவரவில்லை என்று தெரிந்துகொள்வார். வாட்ஸப் குழுவில் கேட்டாலோ, அரைமணி நேரத்தில் அந்தக் கேள்வி காலை வணக்கங்களுக்கும் ரசீதுப் படங்களுக்கும் அடியில் போய்விடும். இதற்காகவே, நிறுவனங்களுக்காகக் கூகுள் விற்கும் ஒர்க்ஸ்பேஸ் என்ற தொகுப்பின் சந்தாவுடன் வரும் கூகுள் காலண்டரை அலுவலகம் முழுவதற்கும் எடுத்துக்கொண்டோம். யார் எப்போது ஓய்வாக இருக்கிறார் என்று கேட்கும் வேலையை இந்த மென்பொருள் அநேகமாக ஒழித்துவிடுகிறது என்பது என் முடிவு. ஆனால் நம் ஊரின் நாளும் பொழுதும் அதற்குத் தானாகத் தெரியாது, நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

2006 ஏப்ரலில் சோதனைப் பதிப்பாக வெளிவந்த இந்தக் காலண்டரில் இன்று எத்தனையோ வசதிகள் சேர்ந்துவிட்டன என்றாலும், சந்தாவுக்குக் கொடுக்கும் பணம் ஒரே ஒரு வசதியிலேயே திரும்பிவிடுகிறது. ஒருவருடைய காலண்டரை இன்னொருவருடன் பகிரும்போது, நேரம் நிரம்பியிருக்கிறதா காலியாக இருக்கிறதா என்பதை மட்டும் காட்டலாம், நிகழ்வின் விவரங்களையும் காட்டலாம், திருத்தும் உரிமையைத் தரலாம், அதற்கும் மேலே போய்ப் பகிர்வையே நிர்வகிக்கும் உரிமையையும் தரலாம். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் எல்லோருடைய நிரம்பிய நேரமும் தெரியும்; மூத்த ஆடிட்டரின் காலண்டரைத் திருத்தும் உரிமை வரவேற்பில் இருப்பவருக்கு மட்டும் உண்டு. புதிய கூட்டம் ஒன்றைத் தொடங்கி, வர வேண்டியவர்களின் பெயர்களைச் சேர்த்து, நேரம் தேடும் பக்கத்தைத் திறந்தால், மூவருடைய நாளும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளாக விரிகின்றன. மூன்றிலும் வெறுமையாக இருக்கும் இடத்தில் கூட்டத்தை இழுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது. முன்பு ஒரு முற்பகலை விழுங்கிய காரியம் இது.

இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்க வேண்டுமானால் ஒரு சிறு விஷயத்தைத் தொடக்கத்திலேயே அனைவருக்கும் சொல்லித்தர வேண்டும். ஒரு நிகழ்வை நாள் முழுவதற்கும் என்று குறித்தால், அதைச் செய்பவர் ஓய்வாக இருப்பதாகவே மென்பொருள் முதலில் எடுத்துக்கொள்கிறது. பிறந்தநாளையும் பண்டிகையையும் குறிப்பவர்களுக்கு அது சரிதான். ஆனால் சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் நாள் முழுவதும் கையிருப்புக் கணக்கெடுக்கப் போகிறவர் அப்படிக் குறித்தால், அவருடைய பெயர் அன்றைக்குக் காலியாகத்தான் தெரியும்; நிகழ்வைத் திறந்து அந்த ஒரு தெரிவை மாற்றினால்தான் மற்றவர்களுக்கு அவர் வேலையில் இருப்பது புலப்படும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நாங்கள் முதலில் காட்டுவது இதைத்தான்.

பயணம் அடுத்த சங்கதி. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். மரப்பாலம் சந்திப்பையும் அரியாங்குப்பத்தையும் மாலை வேளையில் தாண்டியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆப்பிள் காலண்டரில் நிகழ்வோடு பயண நேரத்தையும் சேர்த்துக் குறிக்க ஓர் இடம் உண்டு. இங்கே அதைத் தனி நிகழ்வாகத்தான் போட வேண்டியிருக்கிறது. ஆகவே கடலூரில் பதினொரு மணிக்குச் சந்திப்பு என்றால், ‘வழியில்’ என்ற பெயரில் முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்தை நிரப்பிவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. இல்லாவிட்டால் பதினொன்றரைக்குக் கடலூரில் கூட்டம் முடிகிறவரைப் பன்னிரண்டு மணிக்குப் புதுச்சேரிக்கு அழைக்க யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார்.

விடுமுறைகளில்தான் இந்த மென்பொருளின் வெளியூர்த்தனம் பளிச்சென்று தெரிகிறது. இந்தியாவின் விடுமுறைகள் என்று ஒரு பட்டியல் தயாராகவே கிடைக்கிறது. ஆனால் அது நாடு முழுவதற்கும் பொதுவானது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நிர்வாகம் கைமாறிய 1954 நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள். சட்டப்படியான மாற்றம் நிறைவேறிய 1962 ஆகஸ்ட் 16 இன்னொரு நினைவு நாள். இவ்விரு நாள்களிலும் இங்கே அரசு விடுமுறை. முள்ளோடையைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் போய்விட்டால் கடலூரில் அது சாதாரண வேலை நாள். ஆகவே ‘புதுச்சேரி விடுமுறை’, ‘தமிழ்நாடு விடுமுறை’ என்று இரண்டு தனிக் காலண்டர்களை உருவாக்கி, ஆண்டுத் தொடக்கத்தில் அரசாணைகளைப் பார்த்து நிரப்பி, எல்லோருக்கும் பகிர்ந்து வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வேண்டாதபோது பெயருக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியைத் தட்டினால் அந்த அடுக்கு மறைந்துவிடும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் தீர்த்தவாரி நடப்பதால் கடற்கரைப் பக்கம் வண்டி நகராது என்பதையும் அதிலேயே எழுதிவிட்டோம்.

இன்னோர் அடுக்கும் உண்டு, அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் உண்டு: ராகு காலம். எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, கூட்டாண்மைப் பத்திரத்தில் கையெழுத்திட வருகிற வணிகர்களுக்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை, திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை என்று வாரந்தோறும் திரும்பி வருவது ஆதலால், ஏழு நிகழ்வுகளை ஒருமுறை எழுதினால் போதும். அவை நேரத்தை அடைக்காத வகையில் ‘ஓய்வு’ என்று குறிக்கப்பட்டுள்ளன. அந்த நேரத்தில் ஆவணங்களைச் சரிபார்க்கலாம், கையெழுத்துக்கு மட்டும் ஆளை வரச் சொல்ல வேண்டாம் என்பது பார்த்தவுடன் விளங்குகிறது. சுவரில் தொங்கும் சிவகாசித் தினசரிக் காலண்டர் செய்த வேலையை இது செய்கிறது. சுவரில் இருப்பதையும் நாங்கள் கழற்றவில்லை.

வரித் தேதிகளுக்கு இது கச்சிதமான கருவி. பிடித்த டிடிஎஸ்ஸை, அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துவைக்கும் வருமான வரியை, கட்ட மறுமாதம் 7, மாதந்தோறும் தாக்கல் செய்கிறவர்களின் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11, வருங்கால வைப்பு நிதிக்கு 15, வரியைச் சுருக்கமாகக் கணக்குக் காட்டிக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20 என்று மாதம் முழுவதும் கெடுக்கள் வரிசையில் நிற்கின்றன. இவற்றை மாதந்தோறும் திரும்பும் நிகழ்வுகளாக எழுதி, கெடு நாளில் நினைவூட்டினால் பயனில்லை என்பதால் மூன்று நாள் முன்னதாக மின்னஞ்சல் வருமாறு வைத்துள்ளோம். மார்ச் மாதம் பிடித்த டிடிஎஸ்ஸுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. ஏப்ரல் 7 அன்று விழும் நிகழ்வைப் பிடித்து 30க்கு நகர்த்தினால், இந்த ஒன்றை மட்டும் மாற்றவா, இதையும் இனி வருவனவற்றையும் மாற்றவா, எல்லாவற்றையும் மாற்றவா என்று மென்பொருள் கேட்கிறது. முதல் தெரிவை அழுத்தினால் மற்ற மாதங்கள் அசையாமல் இருக்கின்றன. அரசு கெடுவை நீட்டித்து அறிவிக்கும் மாதங்களிலும் இதே வழிதான். தவறுதலாக அழித்த நிகழ்வும் ஏறத்தாழ முப்பது நாள் வரை குப்பைத் தொட்டியிலிருந்து மீட்கக்கூடியதாக இருக்கிறது.

பிரான்ஸில் தலைமையகம் வைத்துள்ள வாடிக்கையாளர் ஒருவருடன் வாரந்தோறும் பேசுகிறோம். புதுச்சேரியில் இப்படிப்பட்ட தொடர்பு அபூர்வமில்லை. அங்கே மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். நாம் ஆண்டு முழுவதும் அசைவதில்லை. அவர்கள் பாரிஸ் நேரப்படி காலை பதினொன்றுக்குக் கூட்டம் வைத்தால், குளிர்காலத்தில் நமக்கு அது பிற்பகல் மூன்றரை, கோடையில் இரண்டரை. அழைப்பை அவர்கள் அனுப்பியிருந்தால் நம் பக்கத்து நேரம் தானாக மாறிவிடும். நாம் இந்திய நேரத்தில் அமைத்து அனுப்பியிருந்தால் அவர்கள் பக்கம் மாறும். யாருடைய பகல் அசையக் கூடாதோ அவருடைய நேர மண்டலத்தில் நிகழ்வை உருவாக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், ஆண்டுக்கு இருமுறை வரும் ‘ஏன் இன்னும் வரவில்லை’ என்ற தொலைபேசி அழைப்பு நின்றுவிடும். காலண்டரின் இடப்புறத்தில் இரண்டாவது நேர மண்டலத்தையும் காட்டச் செய்யலாம். இதை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

குறை என்று சொல்ல வேண்டுமானால் அது மென்பொருளுக்கும் நம் அலுவலகப் பண்புக்கும் இடையில் விழுகிறது. கூட்டம் கூட்டுவது இவ்வளவு சுலபமாகிவிட்டதால், இரண்டு வரிகளில் எழுதிக் கேட்க வேண்டியதற்குக்கூட அரைமணி நேரக் கூட்டம் போடும் பழக்கம் பரவிவிடுகிறது. அழைப்பு வந்தால் வருகிறேன், வரவில்லை, ஒருவேளை வரலாம் என்று மூன்று பதில்கள் உண்டு. மேலதிகாரி அழைத்த கூட்டத்துக்கு வரவில்லை என்று பதில் போட எங்கள் பிள்ளைகளுக்குக் கை வருவதில்லை. கடலூரில் உள்ள மூத்த கணக்கர் ஒருவர், “சார் கூப்பிட்ட மீட்டிங்குக்கு நான் எப்படிங்க வரலைன்னு அமுக்குறது?” என்று வெளிப்படையாகவே கேட்டார். ஆகவே எல்லோரும் ‘ஒருவேளை’யை அழுத்திவிட்டு, வர முடியாதவர்கள் தொலைபேசியில் வந்து தயங்கித் தயங்கிக் காரணம் சொல்கிறார்கள். கவன நேரம் என்ற ஒரு வகை நிகழ்வு இதற்கு ஓரளவு கை கொடுக்கிறது: அந்த நேரத்தில் வரும் அழைப்புகளை மென்பொருளே மறுத்துவிடுமாறு அமைக்கலாம், மறுத்த பழி யார் மேலும் விழாது. ஒவ்வொரு மாதமும் 18 முதல் 20 வரை ஜிஎஸ்டி பார்ப்பவர்களின் முற்பகல் முழுவதும் எங்களிடம் கவன நேரம்தான். கூட்டங்களைச் சற்று முன்னதாக முடிக்கும் அமைப்பும் இருக்கிறது. அதை இயக்கினால் முப்பது நிமிடக் கூட்டம் இருபத்தைந்தாகவும் ஒரு மணி நேரக் கூட்டம் ஐம்பது நிமிடமாகவும் பதிவாகும். பேச்சை அந்த நேரத்தில் நிறுத்துவது மனிதர்கள் பாடு.

வாடிக்கையாளர் இரகசியத்தைக் காக்க வேண்டிய தொழிலில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே நிகழ்வுக்குப் பலரை அழைத்தால், வேறுவிதமாக அமைக்காதவரை அழைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் மற்றவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் தெரியும், அவர்கள் வேறு ஆள்களையும் சேர்க்க முடியும். வரி மாற்றங்கள் பற்றிய விளக்கக் கூட்டத்துக்கு ஒரே தொழிலில் போட்டியிடும் இரண்டு கடைக்காரர்களை அழைக்கும்போது, அந்த இரண்டு தெரிவுகளையும் எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். முன்பின் தெரியாதவர்களின் விளம்பர அழைப்புகள் நம் காலண்டருக்குள் நேரே வந்து உட்காராமல் இருக்க, அறிந்தவர்கள் அனுப்பினால் மட்டும் சேர்க்கும்படி அமைப்பை மாற்றுவதும் நல்லது.

போட்டி மென்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக: மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கிலும் இதே போல எல்லோருடைய நேரத்தையும் பக்கவாட்டில் காட்டும் வசதி உண்டு, எக்செல்லிலும் அவுட்லுக்கிலும் ஊறிய பெரிய நிறுவனங்கள் இதற்காக இடம்பெயரத் தேவையில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவின் காலண்டரும், ஏற்கெனவே சோஹோ புக்ஸில் கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பொருத்தமான தேர்வே. 1998இல் வகுக்கப்பட்ட ஐகாலண்டர் என்ற பொது வடிவத்தை இவை எல்லாம் ஏற்பதால், ஒன்றிலிருந்து அனுப்பிய அழைப்பு மற்றொன்றில் திறக்கும். நாளை வேறொன்றுக்கு மாற நினைத்தாலும் பழைய பதிவுகளை ஏற்றுமதி செய்து எடுத்துப் போகலாம்.

இணையம் இல்லாத நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் இது புயல் பாதை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து ஊரே வெள்ளத்தில் நின்றது போன்ற நாள்களில், கைபேசிச் செயலியில் ஏற்கெனவே வந்திறங்கிய நிகழ்வுகளைப் பார்க்கலாம், புதியவற்றையும் எழுதலாம். இணைப்பு திரும்பியதும் அவை பொதுக் காலண்டரில் சேர்ந்துகொள்ளும். கணினி உலாவியில் அந்த வசதியை முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும், அப்போதும் பார்க்க மட்டுமே முடியும்.

வாடிக்கையாளர்களே தங்களுக்கு வேண்டிய நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் முன்பதிவுப் பக்கம் ஒன்றும் இதில் இருக்கிறது. நாம் திறந்துவிடும் நேரங்கள் மட்டும் அதில் தெரியும். இளைய வணிகர்கள் அதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். பெரிய மார்க்கெட் பக்கத்து மூத்த கடைக்காரர்கள் தொலைபேசியில்தான் அழைக்கிறார்கள். வரவேற்பில் இருப்பவர் அதே பக்கத்தைத் திறந்து, அவர்களுக்காகத் தாமே பதிந்துவிடுகிறார். இரண்டு மூன்று பேர் மட்டும் உள்ள அலுவலகம் என்றால் இலவசக் கணக்கிலேயே காலண்டர்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டு சமாளித்துவிடலாம். கூட்ட அறையையும் ஓர் ஆளைப் போலப் பட்டியலில் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும், கவன நேரமும் வேண்டும் என்கிற நிலை வரும்போது சந்தாவைப் பற்றி யோசித்தால் போதும்.